பட்டிங் தொலைவுக் கட்டுப்பாடு

பட்டிங் தொலைவுக் கட்டுப்பாடு என்பது குழிப்பந்தாட்டம் அல்லது கோல்ஃப் விளையாட்டில், உருட்டப்படும் பந்து குழியில் விழுமாறு அல்லது குழிக்கு மிக அருகில் நிற்குமாறு அதன் வேகத்தை அளவாகக் கொடுக்கும் திறன் ஆகும். குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரை கிரீன் எனப்படும். அதன் மீது பந்தை உருட்டப் பயன்படும் மட்டை பட்டர் என்றும், அவ்வாறு உருட்டுதல் பட்டிங் என்றும், ஒவ்வோர் உருட்டலும் பட் என்றும் அழைக்கப்படுகின்றன. 200 மீட்டருக்கு மேல் பறக்கும் அடியும் சில அங்குலம் மட்டும் உருளும் பட்டும் ஆட்டக் கணக்கில் ஒவ்வோர் அடியே என்பதால், இத்திறன் ஆட்டத்தின் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

திசையும் வேகமும்

தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் திசையிலேயே கவனம் செலுத்துவர். ஆனால் நீண்ட பட்களில் வேகப் பிழையே பெரிய இழப்பைத் தருகிறது. 10 மீட்டர் தொலைவிலிருந்து உருட்டும்போது திசையில் 3 பாகை பிழை நேர்ந்தால், பந்து குழியிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் விலகிச் செல்லும். அதே பட்டில் வேகம் 10 விழுக்காடு கூடினால், பந்து சமதரையில் குழியைத் தாண்டி ஏறத்தாழ 2 மீட்டர் சென்றுவிடும். முதற் பிழைக்குப் பின் வரும் பட் எளிதானது. இரண்டாவதற்குப் பின் வருவது அவ்வாறன்று.

மேலும், சரிவான கிரீனில் பந்து செல்லும் வளைவு வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகச் செல்லும் பந்து அதிகமாக வளையும். எனவே வேகத்தை முடிவு செய்யாமல் திசையை முடிவு செய்ய இயலாது.

இயற்பியல்

பட்டரால் அடிக்கப்பட்ட பந்து முதலில் சிறிது தொலைவு சறுக்கிய பின்னரே முழுமையாக உருளத் தொடங்குகிறது. தற்சுழற்சி இன்றிப் புறப்படும் சீரான திண்மக் கோளம், முழு உருளலை அடையும்போது தொடக்க வேகத்தில் 5/7 பங்கையே கொண்டிருக்கும். அதன் பின் புல்லின் தடை பந்தை ஏறத்தாழச் சீரான வீதத்தில் வேகங்குறைக்கிறது. ஆகவே உருளும் தொலைவு, வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. நடுத்தர வேகமுள்ள சமமான கிரீனில், உருளத் தொடங்கும்போது தேவைப்படும் வேகங்கள் வருமாறு:

* 1.5 மீட்டர் உருள: நொடிக்கு 1.28 மீட்டர்
* 3 மீட்டர் உருள: நொடிக்கு 1.81 மீட்டர்
* 6 மீட்டர் உருள: நொடிக்கு 2.57 மீட்டர்
* 12 மீட்டர் உருள: நொடிக்கு 3.63 மீட்டர்

அதாவது தொலைவு இரு மடங்கானால் வேகம் 1.41 மடங்கு ஆனால் போதும். தொலைவு நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காக வேண்டும்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. குழியின் நடுவே செல்லும் பந்து, எதிர் விளிம்பைத் தொடுமுன் தன் ஆர அளவு கீழே இறங்கிவிட்டால் குழிக்குள் விழும். இதற்கான வேக வரம்பு கணக்கீட்டின்படி நொடிக்கு ஏறத்தாழ 1.31 மீட்டர் ஆகும். குழி இல்லாதிருந்தால் இவ்வேகத்தில் பந்து மேலும் ஒன்றரை மீட்டர் உருண்டிருக்கும். ஆனால் பந்து குழியின் நடுவிலிருந்து விலகி வரும்போது இவ்வரம்பு விரைவாகக் குறைகிறது. வேகமான பந்துக்குக் குழி சிறியதாகிவிடுகிறது எனலாம்.

மிக மெதுவான பந்தும் நல்லதன்று. இறுதியில் அது காலடித் தடங்களாலும் சிறு மேடுகளாலும் எளிதில் திசைமாறும். நாசாவில் பணியாற்றியவரும் பின்னர் கோல்ஃப் பயிற்றுநரானவருமான டேவ் பெல்ஸ், தவறும் பந்து குழியைத் தாண்டி ஏறத்தாழ 17 அங்குலம், அதாவது 43 செண்டிமீட்டர், செல்லும் வேகமே சிறந்தது எனப் பரிந்துரைத்தார்.

கிரீனின் வேகம்

கிரீனின் வேகம் ஸ்டிம்ப்மீட்டர் என்னும் எளிய கருவியால் அளக்கப்படுகிறது. 1935 ஆம் ஆண்டு ஓக்மான்ட் திடலில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில், ஜீன் சாரசென் உருட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணற்குழிக்குள் சென்றது. அதைக் கண்ட எட்வர்ட் ஸ்டிம்ப்சன் இக்கருவியை மரத்தால் உருவாக்கினார். 1976 இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் பிராங்க் தாமஸ் இதனை அலுமினியத்தில் மாற்றியமைத்தார். 1978 முதல் இது திடல் பராமரிப்பாளர்களுக்கு வழங்கப்பட்டது.

இது 36 அங்குல நீளமுள்ள, பள்ளம் கொண்ட சட்டம் ஆகும். சட்டத்தை மெல்ல உயர்த்தும்போது, ஏறத்தாழ 20 பாகை சாய்வில் பந்து தன் இடத்திலிருந்து விடுபட்டு உருளும். சமமான பகுதியில் எதிரெதிர்த் திசைகளில் உருட்டி, சென்ற தொலைவுகளின் சராசரி அடிக்கணக்கில் குறிக்கப்படுகிறது. மேலே கூறிய நடுத்தர வேகம் என்பது 10 அடி அளவாகும். பெரும் போட்டிகளில் இது 12 அடிக்கு மேலும் செல்வதுண்டு.

சரிவின் விளைவும் கிரீனின் வேகத்தோடு சேர்ந்தே அமைகிறது. 10 அடி அளவுள்ள கிரீனில், சமதரையில் 3 மீட்டர் உருளும் பந்து, 2 விழுக்காடு ஏற்றத்தில் ஏறத்தாழ 2.4 மீட்டரும் அதே அளவு இறக்கத்தில் ஏறத்தாழ 4 மீட்டரும் செல்லும். ஏற்றத்தில் ஏற்படும் குறைவை விட இறக்கத்தில் ஏற்படும் மிகுதி அதிகம் என்பது கவனிக்கத்தக்கது. 13 அடி அளவுள்ள கிரீனில் ஏறத்தாழ 6 விழுக்காடு இறக்கத்தில் பந்து நிற்கவே நிற்காது.

புல் வகையும் முக்கியமானது. வெப்பமான நாடுகளின் கிரீன்களில் அருகம்புல் வகைகள் வளர்க்கப்படுகின்றன. இவற்றில் புல் சாய்ந்துள்ள திசையில் பந்து விரைவாகவும், எதிர்த்திசையில் மெதுவாகவும் செல்லும். காலைப் பனி கிரீனை மெதுவாக்கும்.

பயிற்சி முறைகள்

வேகத்தை மணிக்கட்டின் திடீர் விசையால் அல்லாமல், பட்டரின் வீச்சு நீளத்தால் கட்டுப்படுத்துவதே பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. தோள்கள் ஊசல் போல் அசைய வேண்டும். சிறிய பட்டுக்கும் பெரிய பட்டுக்கும் வீச்சின் தாளம் ஒன்றாகவே இருக்க வேண்டும். பட்டர் முகப்பின் நடுவில் படாத பந்து வேகம் இழக்கும் என்பதால், நடுவில் அடிப்பதும் தொலைவுக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே.

* ஏணிப் பயிற்சி: 3, 6, 9, 12 மீட்டர் தொலைவுகளில் அடையாளம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வரிசையாக ஒரு பந்தை உருட்டுதல். ஒரே தொலைவில் மீண்டும் மீண்டும் உருட்டுவதை விட இது ஆட்டச் சூழலுக்கு நெருக்கமானது.
* குழியைப் பார்த்து உருட்டுதல்: பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தபடியே அடித்தல். தொலைவை வீச்சாக மாற்றும் உணர்வு இதனால் வளரும்.
* ஊகித்தல்: அடித்தவுடன் கண்களை மூடி, பந்து எங்கே நின்றிருக்கும் என்று சொல்லிப் பின்னர் சரிபார்த்தல்.
* எல்லைக் கோடு: குழிக்குப் பின்னால் 45 செண்டிமீட்டரில் ஒரு மட்டையைக் கிடத்தி, தவறும் பந்து அதைத் தொடாமல் குழியைத் தாண்டி நிற்கச் செய்தல்.

கிரீனின் வேகம் நாளுக்கு நாள் மாறுவதால், ஆட்டத்திற்கு முன் பயிற்சிக் கிரீனில் சில நீண்ட பட்களை உருட்டிப் பார்ப்பது வழக்கம்.

விதிகள்

2016 சனவரி 1 முதல், பட்டரை உடலில் ஊன்றி ஊசலாக்கி அடிப்பது தடை செய்யப்பட்டது. 2019 இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கிரீனிலிருந்து உருட்டும்போது கொடிக்கம்பத்தைக் குழியிலேயே விட்டுவைக்கலாம். காலணித் தடங்களையும் சரிசெய்யலாம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வு

1970 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் திடலில் நடந்த ஓப்பன் போட்டியின் இறுதிக் குழியை நான்கு அடிகளில் முடித்தால் வெற்றி என்ற நிலையில் டக் சாண்டர்ஸ் இருந்தார். அவரது நீண்ட பட் குழிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு முன்பே நின்றது. எஞ்சிய குறும் பட்டையும் அவர் தவறவிட்டார். மறுநாள் நடந்த 18 குழி ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸ் ஓர் அடி வேறுபாட்டில் வென்றார். தவறிய குறும் பட்டே பரவலாக நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அதற்கு முந்தைய பட்டின் வேகக்குறைவே அந்தக் குறும் பட்டைத் தேவையாக்கியது.

இவற்றையும் பார்க்க

* குழிப்பந்தாட்டம்
* ஸ்டிம்ப்மீட்டர்
* உருளல் உராய்வு