அலுவலகத் தரையும் அதன் அடியிலுள்ள ஓதமும்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம்மில் பலர் பகற்பொழுதின் பெரும்பகுதியை அலுவலகத் தரையின்மீதே கழிக்கிறோம். சுவர்க் கடிகாரத்தை நோக்கும் அளவுக்குக் காலடித் தரையை நாம் நோக்குவதில்லை. ஆயினும் ஒரு சங்கத்திற்கோ சிறு தொழிலுக்கோ தரைமட்டத்தில் அறை எழுப்பி, கான்கிரீட்டுத் தளமும் இட்டு முடித்தபின், ‘இதன்மேல் எதைப் பதிப்பது?’ என்ற வினா எழுகிறது. உறுப்பினர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அது. தவறிவிட்டால் மறுமுறை செலவிடக் கையில் பொருள் இராது. இவ்வினாவுக்கு விடை காணக் கடைக்காரரின் மாதிரிப் பலகையைவிட வரலாறே நல்ல துணை என்பது நம் கருத்து.

இந்தியில் தரையைக் குறிக்கும் ‘ஃபர்ஷ்’ என்னும் சொல் அரபியிலிருந்து பாரசீக மொழி வழியாக வந்தது. விரிப்பு என்பதே அதன் முதற்பொருள். மத்திய அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் ‘ஃபராஷ்’ என்றொரு பணியிடம் இருந்தது. மேசை நாற்காலிகளைத் துடைத்து வைப்பது அவர் வேலை. பெயரின்படியோ அவர் விரிப்பு விரிப்பவர். பழைய அலுவலகம் ஒன்று அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது. வடக்கே முன்ஷியும் தெற்கே கணக்குப்பிள்ளையும் விரிப்பின்மேல் சம்மணமிட்டு, சாய்வான எழுத்துப் பெட்டியை முன்னே வைத்துக்கொண்டு எழுதிய காலம் அது. அன்று தரையே இருக்கை. மேசையும் நாற்காலியும் வந்தபின் இருக்கை சுமைதாங்கியாயிற்று. நாற்காலிக் கால்களின் உராய்வு, செருப்பில் ஒட்டிவரும் மணல், இரும்பு அலமாரியின் பாரம் ஆகிய அனைத்தையும் அது தாங்க நேர்ந்தது.

இதற்கு ஈடுகொடுக்க ஒவ்வொரு வட்டாரமும் தன் மண்ணிலேயே விடை தேடியது. சென்னையில் சிப்பிச் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, சலவைக்கல் போல் பளபளக்கத் தேய்த்தனர். ஆந்திரத்தில் கடப்பைக் கல், கருநாடகத்தில் ஷாகாபாத் கல், இராசத்தானத்தில் கோட்டாக் கல் எனச் சுண்ணாம்புக்கல் வகைகள் பலகை பலகையாகக் கிடைத்தன. மங்களூரில் 1865-ஆம் ஆண்டு பாசல் மிஷனார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை சுட்ட மண்ணைப் பெருந்தொழிலாக்கியது.

சிமெண்டு வந்ததும் நிலைமை மாறியது. 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் ‘போர்ட்லண்டு’ சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். நம் நாட்டில் 1904-இல் சென்னையில் அதனை உற்பத்தி செய்யும் முயற்சி நடைபெற்று நிலைக்காமற் போயிற்று. 1914-இல் போர்பந்தரில் அது வேரூன்றியது. அதுவரை வெளிநாட்டுத் தரை ஓடுகளை வரவழைத்த பம்பாயில், 1922-இல் பிரோஷா சித்வா என்பவர் சுதேசி உணர்வோடு சிமெண்டு ஓட்டுத் தொழிலைத் தொடங்கினார். காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியிலும் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை வார்த்துச் செய்யும் ஓடு புகழ்பெற்றது.

வெனிஸ் நகரத் தொழிலாளர் கழிவுச் சலவைக்கல் சில்லுகளைச் சாந்தில் பதித்துத் தேய்த்து உருவாக்கிய தரையே ‘டெராசோ’. நம்மவர் அதனை ‘மொசைக்’ என்கின்றனர். சில்லுகளும் சிமெண்டும் கலந்த கலவையைப் பரப்பி, விரிசல் ஓடாதிருக்க இடையிடையே கண்ணாடிப் பட்டைகளை நிறுத்தி, கரடான கல்லில் தொடங்கி மென்மையான கல்வரை பலமுறை நீர் விட்டுத் தேய்ப்பர். சுதந்திரத்திற்குப் பின் எழுந்த அரசுக் கட்டடங்கள் பலவற்றில் இத்தரையே இடம்பெற்றது. உள்நாட்டுப் பொருள், உள்நாட்டு உழைப்பு, நாள்தோறும் ஈரத்துணியால் துடைக்கும் நம் வழக்கம் ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தியது.

மேலைநாட்டு அலுவலகங்கள் வேறு வழியில் சென்றன. 1863-இல் ஃபிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் ‘லினோலியம்’ என்னும் விரிப்புக்கு உரிமம் பெற்றார். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து சணல் துணியில் படியவைத்துச் செய்தது அது. 1933-ஆம் ஆண்டுச் சிக்காகோ கண்காட்சியில் வினைல் தரை காட்சிக்கு வந்தது. இவை காலுக்கு மென்மையானவை; ஓசையை அடக்குபவை. ஆனால் இவற்றைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். சிக்கல் எழுவது அங்கேதான்.

நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில், புதிய கான்கிரீட்டின்மேல் அவசரமாக வினைல் ஒட்டினர். முதல் மழைக்காலத்திலேயே அது கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, விளிம்புகள் சுருண்டன, கோப்பு சுமந்து வந்த முதிய ஊழியர் ஒருவர் தடுக்கி விழுந்தார். பழி வினைல்மேல் விழுந்தது. உண்மைக் குற்றவாளியோ அடியிலிருந்த ஓதம்.

கான்கிரீட்டு கல்லைப் போல் தோன்றினும் நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணின் ஈரம் அதனுள் ஏறுகிறது. காரத்தன்மை கொண்ட அந்த ஈரம் பசையை அரித்துவிடுகிறது. எனவே கான்கிரீட்டு இடுவதற்கு முன்பே மண்ணின்மேல் ஜல்லி அடுக்கும், அதன்மேல் கனத்த பாலித்தீன் விரிப்பும் இடுதல் நன்று. புதிய தளம் 25 மில்லிமீட்டர் கனத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதம் வீதம் உலர வேண்டும் என்பது தொழிலாளர் வழக்கு. 100 மில்லிமீட்டர் தளத்திற்கு நான்கு மாதம் ஆகும். சோதித்தறியவும் எளிய வழியுண்டு. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரமான பாலித்தீன் தாளைத் தளத்தின்மேல் நான்கு விளிம்பும் அடைபட ஒட்டி, மாலை நான்கு மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரை விட்டுவைக்கலாம். எடுக்கும்போது அடியில் துளிகள் இருந்தாலும், தளம் கறுத்திருந்தாலும் பசையிட்டு ஒட்டும் தரை அங்கு ஆகாது.

சாந்தில் பதிக்கும் கோட்டா, ஷாகாபாத் கற்களும் மொசைக்கும் இந்த ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். மிஞ்சினால் உப்புப் பூக்கும். ஆனால் இவை அமிலத்திற்கு அஞ்சுபவை. கழிப்பறை அமிலத்தால் கறை போக்க முயன்றால் மெருகு அழியும். இன்று மலிவாகக் கிடைக்கும் விட்ரிஃபைடு ஓடு கறை ஏற்காது. ஆயினும் பளபளப்பான வகை நனைந்தால் வழுக்கும். பழைய கட்டடத்தை வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க: முன்னாளைய வினைல் ஓடுகள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அவற்றைச் சுரண்டுதலும் தேய்த்தலும் மூச்சுக்குக் கேடு.

சம்மணமிட்டு எழுதியவர் போயினார். ஃபராஷ் என்ற பெயரும் அருகிவிட்டது. எனினும் தரையைத் துடைப்பவர் இன்றும் இருக்கிறார். அடியிலுள்ள ஈரத்தை அறிந்து, மேலே குனிந்து துடைக்கும் அவருடைய உழைப்பையும் எண்ணிய பின்னரே நிறத்தைத் தேர்ந்தெடுப்போம். நம் பொதுப்பணம் வீணாகாமல் இருக்க அதுவே வழி.