பனியில் திறந்த கண்

கோப்பிக் கடையில் ஐஸ் கோப்பி வாங்கி மேசைமேல் வைத்த சிறிது நேரத்தில், கிளாசின் வெளிப்புறத்தில் நீர் முத்துகள் அரும்புவதை நாம் எல்லாருமே கண்டிருக்கிறோம். கிளாசில் ஓட்டை இல்லை. உள்ளிருக்கும் நீர் கசியவும் இல்லை. நம்மைச் சூழ்ந்துள்ள ஈரக் காற்று, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தன்னிடமுள்ள நீராவியை நீராக விட்டுவிடுகிறது. தொடக்கப் பள்ளி மாணவரும் அறிந்த இந்தச் சிறு உண்மைதான், நூறாண்டுகளுக்கு முன் உலகின் தென்கோடிக்குப் படமெடுக்கச் சென்றவர்களுக்குப் பெரும் பகையாக நின்றது. அப்பகையை அவர்கள் எவ்வாறு சமாளித்தனர், அதனால் நமக்குக் கிடைத்த செல்வம் என்ன என்பதை இன்று காண்போம்.

அக்காலத்துக் கேமராவில் மின்கலம் இல்லை. தானாகக் குவியம் கொள்ளும் பொறியும் இல்லை. முக்காலிமேல் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்புறத்து மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்க்க வேண்டும். லென்சைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, உருவம் தெளிந்த இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு மருந்து பூசிய கண்ணாடித் தகட்டைச் செருகி, ஒளியின் அளவைத் தம் அனுபவத்தால் மதித்து, அதற்கேற்பத் திறந்து மூட வேண்டும். நம் நாட்டு வெயிலில் இது வியர்வை சிந்தும் வேலை. தென்துருவக் குளிரிலோ உயிரையே பணயம் வைக்கும் வேலை.

1910ஆம் ஆண்டு கேப்டன் ஸ்காட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, ‘டெரா நோவா’ என்னும் கப்பலில் தென்துருவ ஆய்வுப் பயணத்தைத் தொடங்கினார். அவர் தம்முடன் அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர் ஹெர்பர்ட் பாண்டிங். அவர் விஞ்ஞானியும் அல்லர், மாலுமியும் அல்லர். படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். ஜப்பான் முதலிய ஆசிய நாடுகளில் சுற்றிப் படமெடுத்துப் பெயர் பெற்றிருந்தார். ஆனால் அந்த அனுபவங்களெல்லாம் துருவத்தில் பாதிதான் கைகொடுத்தன.

முதல் தொல்லை மூச்சுக் காற்று. குவியம் பார்க்கக் குனிந்தவர் மூச்சு விட்டால், அது அந்த நொடியே கண்ணாடியில் உறைந்து திரை போட்டுவிடும். இரண்டாவது தொல்லை எண்ணெய். கருவியின் மூட்டுகளில் இட்ட எண்ணெய் கடுங்குளிரில் மெழுகாய் இறுகும், திரை மெல்லத் திறந்து மெல்ல மூடும், படம் கெடும். இதனால் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் கிராபைட் தூளை இடுவது குளிர்நாட்டுக்காரர்களின் வழக்கமாயிற்று. மூன்றாவது, உலோகம். ஒருமுறை பாண்டிங் குவியம் பார்த்துக்கொண்டே உதட்டை ஈரமாக்க முயன்றார். நாவின் நுனி கேமராவின் உலோகப் பகுதியில் பட்டது. பட்டதும் ஒட்டிக்கொண்டது! வெடுக்கென்று இழுத்ததில் தோல் அங்கேயே தங்கிவிட, வாயிலிருந்து இரத்தம் கொட்டியது. இதனை அவரே 1921இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

நான்காவதாக வருவதுதான் நம் ஐஸ் கோப்பிக் கதை. வெளியே குளிர்ந்து கிடந்த கேமராவைக் கணப்பு எரியும் குடிலுக்குள் நேராகக் கொண்டுவந்தால், உள்ளும் புறமும் ஈரம் படிந்துவிடும். அதே கேமராவை மீண்டும் வெளியே கொண்டுபோனால் அந்த ஈரம் பனிக்கட்டியாகி லென்சை மூடும். ஆகவே கருவியைக் குளிரிலேயே விட்டுவைக்க வேண்டும். அல்லது சிறிது சிறிதாக வெப்பத்துக்குப் பழக்கிக் கொண்டுவர வேண்டும். துருவத்தில் படமெடுப்பவருக்குப் பொறுமை இரண்டாவது லென்ஸ் எனலாம்.

ஒளியும் எளிதில் பிடிபடவில்லை. வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அக்காலத் தகடுகளோ நீல ஒளிக்கு மிகுதியாக மசிந்து, வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும் இயல்புடையவை. மஞ்சள் கண்ணாடியை லென்சின் முன் பொருத்தினால்தான் வானமும் பனியும் பிரிந்து தெரியும். கேப் எவன்ஸ் என்னுமிடத்தில் பாண்டிங் எடுத்த படங்களில் பனிப்பரப்பின் மடிப்புகளும் நிழல்களும் தனித்தனியே தெரிவதற்கு இத்தகைய கைத்திறனே காரணம். பனிக் குகை ஒன்றின் வாயிலூடாகத் தொலைவில் நிற்கும் கப்பலைக் காட்டும் அவரது 1911ஆம் ஆண்டுப் படம் இன்றும் உலகப் புகழ் பெற்றது.

அவரிடம் தோழர்களுக்குச் சலிப்பும் உண்டு. குளிரில் நகராமல் நிற்கச் சொல்வார். ஏறு, இறங்கு, திரும்பு என்பார். ஆகவே படத்துக்காகச் சங்கடமான நிலையில் நிற்பதற்குத் தோழர்கள் அவர் பெயரைக்கொண்டே ஒரு புதிய வினைச்சொல்லை ஆக்கிவிட்டார்கள்!

ஆயினும் பாண்டிங்கின் மிகச் சிறந்த பணி, அவர் எடுத்த படங்களில் மட்டும் அடங்கவில்லை என்பதே நம் கருத்து. துருவத்தை நோக்கிச் செல்லும் குழுவில் அவருக்கு இடமில்லை. பாரமான கண்ணாடித் தகடுகளை அவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல இயலாது. எனவே அவர் ஆசிரியரானார். ஸ்காட்டுக்கும் பவர்ஸ் என்னும் இளம் அதிகாரிக்கும் வேறு சிலருக்கும் படமெடுக்கக் கற்றுக் கொடுத்தார். எவ்வளவு தொலைவுக்கு எவ்வாறு குவியம் வைப்பது, பனி வெளிச்சத்தை எவ்வாறு மதிப்பது, தாமும் படத்தில் இடம்பெற வேண்டுமானால் நூல் கட்டி எவ்வாறு இழுப்பது என்று பழக்கினார்.

1912ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஸ்காட்டும் நான்கு தோழர்களும் தென்துருவத்தை அடைந்தனர். அங்கே அவர்களுக்கு முன்பே நார்வே நாட்டுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14ஆம் நாளே அங்கு வந்து சேர்ந்துவிட்டார். மறுநாள் ஐவரும் தங்கள் கொடியின் முன் கூடினர். பவர்ஸ் அமர்ந்தபடியே ஒரு நூலை இழுத்தார். திரை திறந்து மூடியது. அந்தப் படத்தில் ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. குளிரும் களைப்பும் தோல்வியும் அந்த ஐந்து முகங்களிலும் எழுதியிருக்கின்றன.

அந்த ஐவரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. எட்கர் எவன்ஸ், ஓட்ஸ் என்னும் இருவர் வழியிலேயே மாண்டனர். ஸ்காட், வில்சன், பவர்ஸ் ஆகிய மூவரும் கூடாரத்துக்குள்ளேயே இறந்தனர். ஸ்காட்டின் கடைசிக் குறிப்பு 1912 மார்ச் 29ஆம் நாளிட்டது. நவம்பர் 12ஆம் நாள் தேடிச் சென்றவர்கள் அந்தக் கூடாரத்தைக் கண்டனர். உடல்களுடன் நாட்குறிப்பும், கடிதங்களும், படச்சுருளும் இருந்தன. ஏழரை மாதம் உறைபனியில் கிடந்த அந்தச் சுருளைக் கழுவியபோது உருவங்கள் தெளிவாக எழுந்தன. எந்தக் குளிர் அவர்களைக் கொன்றதோ, அதே குளிர் அவர்களுடைய முகங்களைக் காத்து வைத்திருந்தது. மாணவர் மறைந்தார், ஆசிரியர் கற்பித்த பாடம் நிலைத்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்குக் கூறுதல் பொருந்தும். ஷேக்கில்டன் தலைமையில் 1914இல் புறப்பட்ட ‘என்டூரன்ஸ்’ கப்பல் பனியில் சிக்கி நொறுங்கியது. 1915 நவம்பரில் அது மூழ்குவதற்கு முன், ஆஸ்திரேலியரான ஃபிராங்க் ஹர்லி, சிதைந்த கப்பலுக்குள் தேங்கிய பனிநீரில் இறங்கித் தம் தகடுகள் இருந்த பெட்டிகளை மீட்டார். ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் செல்ல வழியில்லை. ஷேக்கில்டனும் அவரும் பனிமேல் அமர்ந்து ஒவ்வொரு தகடாகப் பார்த்தனர். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டு, சுமார் 400 தகடுகளை உடைத்தெறிந்தனர். மனம் மாறிப் பிறகு திரும்ப எடுக்கக் கூடாது என்பதற்காகவே அவற்றை உடைத்தார்கள். பெரிய கேமராக்களையும் விட்டுவிட்டு, ஒரு சிறிய சட்டைப்பைக் கேமராவும் மூன்று பிலிம் சுருளும் மட்டும் ஹர்லி எடுத்துக்கொண்டார். 1916 ஆகஸ்டு 30ஆம் நாள் யானைத் தீவிலிருந்து மீட்கப்படும்வரை அந்தச் சிறு கருவியே அவருக்குத் துணை.

இன்று கேமராக்கள் தாமே குவியம் பார்க்கின்றன. தாமே ஒளியை அளக்கின்றன. எனினும் குளிர் நாடுகளில் 1960, 1970களில் செய்யப்பட்ட பழைய லென்சுகளை, இணைப்பு வளையத்தின் உதவியால் புதிய கேமராவில் மாட்டிப் பனிக்காலத்தில் படமெடுப்போர் இருக்கின்றனர். கடுங்குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். ஆனால் கையால் திருப்பும் உலோக வளையத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. உறை அணிந்த கையாலும் அதைத் திருப்பலாம். ஒளிமானி வெண்பனியைச் சாம்பல் நிறமாகக் கருதி ஏமாறும்போது, அதைத் திருத்துவதற்கு இன்றும் மனிதரின் மதிப்பீடே வேண்டியிருக்கிறது.

பாண்டிங் 1935இல் காலமானார். தம் வாழ்நாள் உழைப்புக்குத் தக்க பலன் கிடைக்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. ஆனால் பவர்ஸ் இழுத்த அந்த நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவரே என்று நாம் கொள்ளலாம். நமக்குத் தெரிந்த தொழில் எதுவாயினும், அதை நம் கையோடு முடித்துவிடாமல் இன்னொருவருக்குப் பழக்கிவிட வேண்டும். நாம் போக முடியாத இடத்துக்கும் அது போய்ச் சேரும்.