ஏந்திய கைக்கு ஏற்றம் எங்கே?

முட்டம் கடற்கரையிலே, பாறை முகட்டிலே, ஒரு கலங்கரை விளக்கு நிற்கிறது. 1875-ஆம் ஆண்டு எழுந்தது அது. கப்பல் பாறையில் மோதி உடையலாகாது, சரக்கு கடலில் மூழ்கலாகாது என்று ஆள்வோர் கவலை கொண்டனர், விளக்கேற்றினர். நல்ல காரியந்தான், குறை கூறோம். ஆனால், அதே பாறையின் அடியில், மீனவர் குடில்களில், இரவெல்லாம் வலியால் துடித்த தாய்மாருக்கு என்ன துணை இருந்தது? ஓர் எண்ணெய் விளக்கும், ஒரு மூதாட்டியின் கையும்!

அந்தக் கையைப் பற்றியே இங்கு நாம் பேச விழைகிறோம்.

தமிழகத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்துப் பெண்களின் தொழிலாக இருந்தது. மருத்துவச்சி என்று பெயர். மலையாள வழக்கில் வயற்றாட்டி. ஊரார் பிள்ளைகளெல்லாம் அவள் கையில் விழுந்தவர்கள். வலி கண்டதும் நள்ளிரவில் அவள் வீட்டுக்கு ஆள் ஓடும். அவள் வந்தால்தான் வீட்டாருக்கு உயிர் வரும். பிள்ளை பிறந்து, தொப்புள்கொடி அறுத்து, குளிப்பாட்டியும் ஆயிற்றா? அப்புறம் அந்தக் கை தீட்டுப்பட்ட கை! படி நெல்லும் பழஞ்சேலையும் கொடுத்துப் புறவாசல் வழியே அனுப்பி வைத்தனர். உயிரை ஏந்தியவள் தாழ்ந்தவள், ஏந்தப்பட்டவன் உயர்ந்தவன். இந்த விந்தைக் கணக்கைப் போட்டவர் எவரோ, அவர் பிறந்ததும் ஒரு மருத்துவச்சியின் கையிலன்றோ!

அவளிடம் குறையில்லை என்று சாதிக்க வரவில்லை நாம். துருப்பிடித்த கத்தியும் கழுவாத கையும் சேயை இசிவுக்கும் தாயைச் ஜன்னிக்கும் இரையாக்கியதுண்டு. ஆனால், கிருமி என்றொன்று உண்டென அவளுக்கு எடுத்துச் சொன்னவர் யார்? வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில், 1847-க்கு முன்பு, பேறுகால விடுதிகள் இரண்டு இருந்தன. ஒன்று மருத்துவர்களும் மாணவர்களும் நடத்தியது. மற்றது மருத்துவச்சிகள் நடத்தியது. பிணத்தை அறுத்த கையோடு பிள்ளைப்பேறு பார்க்க வந்த மருத்துவர் விடுதியிலேதான் தாய்மார் மிகுதியாக மாண்டனர். கையைக் கழுவுங்கள் என்று செம்மல்வெய்ஸ் சொன்னபோது, படித்த பெருமக்கள் சினந்தனர். குற்றம் குலத்தில் இல்லை, கல்லாமையில் இருந்தது. பட்டம் பெற்றவர்களிடமும் அந்தக் கல்லாமை இருந்தது.

முட்டத்துக்கு மேற்கத்திய மருத்துவம் எட்டாத் தொலைவில் இருந்ததென்றும் சொல்வதற்கில்லை. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப்பணி 1838-இலேயே தொடங்கிற்று. அங்கு வந்த டாக்டர் லீச், 1854-இல் இதே முட்டத்துக் கடலில் நீராடுகையில் மூழ்கி மாண்டார். ஆனால், மருத்துவர் ஆடவர். பேற்றறையோ பெண்களின் இடம். கதவு திறக்கவில்லை. பெண்களாகிய துறவியர் 1897-இல் முளகுமூட்டிற்கு வந்தனர். எனினும் கத்தோலிக்கத் துறவியர் பேறு பார்க்கலாகாது என்பது திருச்சபை விதி! ரோமாபுரி அதைத் தளர்த்தியது 1936-இல். ஆடவரைத் தடுத்தது நாணம். கன்னியரைத் தடுத்தது விதி. மருத்துவச்சியைத் தாழ்த்தியது குலம். இத்தனைக்கும் இடையே தாய் கிடந்தாள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பெண். திருவிதாங்கூரின் மேரி பூநன் லூக்கோஸ். பெண் என்பதாலேயே திருவனந்தபுரத்துக் கல்லூரி அவருக்கு அறிவியல் வகுப்பை மறுத்தது. வரலாறு படித்தார், பின்னர் லண்டன் சென்று மருத்துவரானார். 1916-இல் திரும்பித் தைக்காடு மகளிர் மருத்துவமனையின் பொறுப்பேற்றார். வந்தவுடன் என்ன செய்தார்? பழைய மருத்துவச்சிகளை மூடர் என்று ஏசினாரில்லை. அவர்தம் பெண்மக்களையே அழைத்துப் பயிற்சி தந்தார். தாயின் கைப்பழக்கம், மகளின் கையில் கல்வியோடு கூடிற்று. எதிர்த்திருக்கக்கூடிய மருத்துவச்சிகள் ஆதரவாயினர். இன்றைய கேரளப் பகுதியின் முதல் சிசேரியன் அறுவையை 1920-இல் செய்தவரும் இவரே. கத்தியின் பயன் அறிந்தவர்தான் மருத்துவச்சியின் தேவையையும் அறிந்திருந்தார்! 1938-இல் அவர் அரசின் தலைமை மருத்துவரானபோது, முட்டமும் திருவிதாங்கூரில்தான் இருந்தது.

நாடு முழுவதும் நிலை எப்படி? ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் உறுப்பினராக இருந்த போர் குழு, 1946-இல் கணக்குக் காட்டிற்று: ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,00,000 தாய்மார் மரணம், இருந்த மருத்துவச்சிகள் 5,000, வேண்டியவர்கள் 1,00,000.

விடுதலைக்குப் பின், ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஈராண்டுப் பயிற்சியோடு துணைச் செவிலியர் என்ற பதவி பிறந்தது. மகப்பேறே அவள் முதற்கடமை. ஆயினும் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கும் தடுப்பூசிப் பதிவேடும் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் தலையில் ஏறின. எழுபதுகளின் இறுதியில் பயிற்சியும் ஒன்றரை ஆண்டாகக் குறைந்தது. பெயரில் மருத்துவச்சி இருந்தாள், பேற்றறையில் இல்லை!

தமிழ்நாடு சாதித்தது சிறிதன்று. 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைந்தன. ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில் நிகழ்கின்றன. 2018-20 கணக்கின்படி, லட்சம் பேற்றுக்கு 54 தாய்மார் இறப்பு. போர் குழுவின் நாளில் அது 2,000! மகிழ்கிறோம். ஆனால், 2019-21 ஆய்வு வேறொன்றும் சொல்கிறது: நூற்றுக்கு 45 பேறுகள் அறுவை வழியே. தனியார் மனைகளில் 64. அரசு மனைகளில் 36. வேண்டிய இடத்தில் கத்தி உயிர் காக்கும். பாதிக்குப் பாதித் தாய்மாருக்கு அது வேண்டுமா? வலியோடு கிடப்பவள் அருகில் பல மணி நேரம் பொறுத்திருந்து, தைரியம் சொல்லி, இயல்பான பேற்றுக்குத் துணை நிற்கும் ஆள் இல்லாத இடத்தில், கத்திதான் விரைவு வழியாகிறது.

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், மருத்துவச்சி அரசு ஊழியர். தமக்கென ஒதுக்கிய ஊர்களில் வீடுவீடாகச் செல்பவர். அவரை ஒதுக்கிவிட்டு அந்நாடு தாய் இறப்பைக் குறைக்கவில்லை.

இந்திய அரசும் 2018-இல் வழிகாட்டு நெறி வகுத்தது. பட்டமோ பட்டயமோ பெற்ற செவிலியருக்கு மேலும் 18 மாதப் பயிற்சி. இயல்பான பேற்றை அவரே நடத்தும் பொறுப்பு. ஏட்டில் சரி. பயிற்சி முடித்தவரை மீண்டும் ஊசி போடவும் பதிவேடு எழுதவும் அனுப்பினால், பழைய கதைதான். அவருக்கெனத் தனிப் பணியிடம், அதற்கேற்ற ஊதியம், பேற்றறையில் முடிவெடுக்கும் உரிமை, சிக்கல் கண்டால் உடனே கைகொடுக்கும் மருத்துவர்: இவை நான்கும் அரசாணையில் இடம்பெற வேண்டும். கடலோர நிலையங்களிலிருந்து அதைத் தொடங்கினால் என்ன என்று கேட்கிறோம்.