நெடுங்கோட்டைக்கு முன் ஒரு நரகாசுரன்

கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1724ல் பிறந்தார். தாய் ஆற்றிங்கல் ராணி. தந்தை கிளிமானூர் கேரளவர்மா கோயில் தம்புரான். 1728ல் பகைவர் வழிமறித்தபோது மனைவியையும் நான்கு வயது மகனையும் தப்பவிட்டு, தான் நின்று சண்டையிட்டு மாண்டவர் அந்தத் தந்தை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களை ஒடுக்கியது, குளச்சலில் டச்சுப் படையை வென்றது, நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த திருப்படித்தானம் எல்லாம் இத்தொடரில் முன்பே வந்துவிட்டன. அந்தக் காலம் முழுவதும் ராமவர்மா மாமன் மார்த்தாண்டவர்மாவின் இளையராஜாவாக இருந்தார். 1758ல் மாமன் மறைந்ததும், 34 வயதில், கல்குளத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் ஆட்சிப் பொறுப்பேற்றார். திருவிதாங்கூரை 40 ஆண்டுகள் ஆண்டார். மக்கள் வைத்த பெயர் தர்மராஜா.

இந்த வாரத்துக்கு உரியது திப்பு சுல்தானின் படையெடுப்பும் அதை எதிர்கொண்ட நெடுங்கோட்டை அரணும். ஆனால் அந்தப் போருக்குப் போகும் வழியில் தர்மராஜாவின் எழுத்தாணி குறுக்கே கிடக்கிறது. அவர் ஆட்டக்கதைகள் எழுதியவர். பள்ளிப் பாடநூல்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

ஆட்டக்கதை என்பது கதகளிக்கு எழுதப்படும் பாட்டுநாடகம். அதில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. சுலோகம் கதையை நகர்த்தும்: இன்னார் வந்தார், இன்னதைக் கண்டார், கோபம் கொண்டார். பதம் பாத்திரங்களின் பேச்சு. ஒவ்வொரு பதத்துக்கும் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். கதகளியின் முன்வடிவான ராமனாட்டத்தின் தொடக்கக் காலத்தில் நடிகரே பாடி ஆடினார்கள். பிறகு பாட்டு பின்னணிக்குப் போனது. பொன்னானி என்ற முதற்பாடகர் சேங்கிலையைத் தட்டிப் பாட, சிங்கிடி இலத்தாளத்தோடு அதைத் திரும்ப வாங்கிப் பாடுவார். செண்டையும் மத்தளமும் உடன் நிற்கும். நடிகர் வாய் திறப்பதில்லை. கண்ணும் கையும் மட்டும் பேசும்.

அதே நூற்றாண்டில் இத்தாலியில் ஆபரா ஏறக்குறைய இதே அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. கதையை நகர்த்த ஓதுவது போன்ற ஒரு பகுதி, உணர்ச்சியை விரிக்கத் தனிப்பாட்டு. நேப்பிள்ஸில் பயின்ற பைசியெல்லோ, சிமரோசா ஆகியோர் தர்மராஜாவின் காலத்தவர். போப்பின் ஆட்சிப் பகுதிகளில் பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால் பெண் வேடத்தையும் ஆண்களே பாடினார்கள். கதகளியிலும் பெண் பாத்திரங்களுக்கான மினுக்கு வேடம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அரசரே நாடகம் எழுதுவதும் ஐரோப்பாவில் புதிதல்ல. பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக் பிரெஞ்சு உரைநடையில் எழுதிக்கொடுத்த ‘மாண்டசூமா’ இத்தாலியப் பாட்டாக மாற்றப்பட்டு, கிரவுன் இசையில் 1755ல் பெர்லினில் மேடையேறியது. தமிழிலும் அப்போது அருணாசலக் கவிராயர் சீர்காழியில் இருந்து இராமாயணத்தை நாடகக் கீர்த்தனைகளாக்கிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவும் சீர்காழியும் பத்மநாபபுரமும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே வேலையில் இருந்திருக்கின்றன.

தர்மராஜாவின் பெயரில் வழங்கும் ஆட்டக்கதைகள் ராஜசூயம், சுபத்ராஹரணம், பகவதம், கந்தர்வவிஜயம், பாஞ்சாலிசுயம்வரம், கல்யாணசௌகந்திகம், நரகாசுரவதம். பகவதமும் கல்யாணசௌகந்திகமும் கோட்டயத்துத் தம்புரான் முன்பே எழுதிய கதைகள். அவற்றையே மறுபடி எடுத்து எழுதியது துணிச்சல்தான். ஆனால் அந்த இரண்டிலும் மேடை இன்றுவரை கோட்டயத்துத் தம்புரான் பக்கமே நிற்கிறது. பாட்டின் அழகிலும் பாத்திரத்தின் ஆழத்திலும் உண்ணாயி வாரியரின் நளசரிதத்துக்கு அருகில் வைக்கத்தக்கது மன்னரின் பட்டியலில் எதுவும் இல்லை. சுலோகங்களில் சமஸ்கிருதம் கனக்கிறது. அரண்மனைப் புலவர்கள் இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் நரகாசுரவதம் வேறு சாதி. அதை மன்னர் தொடங்கினார் என்றும், மருமகன் அஸ்வதி திருநாள் எழுதி முடித்தார் என்றும் மரபு. அஸ்வதி திருநாள் ருக்மிணீசுயம்வரம், பூதனாமோட்சம், அம்பரீஷசரிதம், பௌண்ட்ரகவதம் ஆகியவற்றை எழுதியவர். மாமனைவிட நயமான கவி. அரியணை ஏறும் முன்பே மறைந்தார். மாமன் எழுதியது எங்கே முடிகிறது, மருமகன் எழுதியது எங்கே தொடங்குகிறது என்பதைக் கதகளிப் பிரியர்கள் இன்னும் பேசித் தீர்க்கவில்லை.

நரகாசுரன் கத்தி வேடம். பச்சை முகத்தில் மீசை போலச் சிவப்புக் கோடு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகள். திரைச்சீலைக்கு மேலே முதலில் விரல் நகங்கள் தெரியும், பிறகு கிரீடம், பிறகு கண். அசுரன்தான், ஆனால் இரசிகன். தொடக்கத்தில் மனைவியோடு தோட்டத்தில் உலவுகிறான். மயில் ஆடுவதைக் காட்டுகிறான். இந்தக் கேகியாட்டத்தில் நடிகரே மயிலாகிறார்: தோகை விரிக்கிறார், அலகால் இறகு கோதுகிறார்.

இதற்கிடையில் நரகாசுரன் அனுப்பிய நக்ரதுண்டி என்ற அரக்கி தேவலோகப் பெண்களைப் பிடித்துவரப் போகிறாள். போன இடத்தில் இந்திரன் மகன் ஜெயந்தனைக் கண்டு மயங்குகிறாள். அரக்கிக்குரிய கரி வேடம் மறைந்து லலிதை என்ற மினுக்கு வேடம் வருகிறது. ஜெயந்தன் மறுக்கிறான், அவள் சுயரூபம் காட்டுகிறாள், அவன் வாளை உருவி மூக்கையும் முலையையும் அறுக்கிறான். சூர்ப்பணகையின் சாயல் வெளிப்படை. கம்பனில் ஊறிய நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இந்த இடம் விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும்.

அறுபட்ட நக்ரதுண்டி மேடைக்கு நேராக வருவதில்லை. எங்கோ ஒரு சத்தம். கொலுவில் இருக்கும் நரகாசுரன் காதைத் தீட்டுகிறான். மலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா? இருக்காது, அவற்றின் இறகுகளை இந்திரன் என்றோ வெட்டிவிட்டான். கடல் பொங்குகிறதா? அதுவும் இல்லை, உள்ளே வடவைத்தீ இருக்கிறது. ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்துத் தள்ளுகிறான். சப்தவர்ணனை என்று பெயர் பெற்ற இந்த இடத்தில் பாட்டு இல்லை. செண்டை மட்டும் தூரத்திலிருந்து நெருங்குகிறது. ஒரு சத்தத்தைக் கண்ணால் கேட்கவைக்கும் இந்தக் கட்டத்தில் பெயர் எடுக்காமல் கத்தி வேடக்காரர் யாரும் பெரிய நடிகர் ஆனதில்லை.

பிறகு நிணம். தீவட்டி வெளிச்சத்தில், பார்வையாளர் நடுவே, குருதி வடிய நக்ரதுண்டி அலறிக்கொண்டு நடந்துவருகிறாள். குருதி என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் அரிசிமாவும் கலந்த கலவை. வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கக் கரைக்கிற அதே சிவப்புதான். இருந்தாலும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள். அரக்கியின் புண்ணைக் கண்ட நரகாசுரன் போருக்கு ஆயத்தமாகிறான், தேவலோகத்தை வெல்கிறான், இந்திரனை விரட்டுகிறான், அதிதியின் குண்டலங்களைப் பறிக்கிறான்.

மேடையில் மிகுதியாக ஆடப்படுவது இந்த வெற்றி வரைக்குமான பகுதி. தலைப்பு வதம் என்கிறது. வதத்துக்குக் கண்ணன் வருவதற்குள் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் நரகாசுரனுக்குத் தீபாவளி விடியற்காலையில் சாவதைத் தவிர வேறு வேலை கிடையாது. பத்மநாபபுரத்து நரகாசுரனுக்கு மயில் பார்க்க நேரம் இருக்கிறது, தன் ஆளுக்கு நேர்ந்த அவமானத்துக்காகப் படை எடுக்கிறான். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்காகப் பேரரசுகளைப் பகைத்துக்கொண்ட மன்னர், தன் கதைகளில் ஆகச் சிறந்த இடத்தை இந்த அசுரனுக்குக் கொடுத்தது தற்செயலாகப் படவில்லை.

அந்த அடைக்கலம்தான் கதகளியையும் தெற்கே வளர்த்தது. 1766ல் மைசூரின் ஹைதர் அலி மலபாருக்குள் இறங்கினார். கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி தன் அரண்மனைக்குத் தீ வைத்து அதிலேயே மாண்டார். அரச குடும்பங்களும் நம்பூதிரிகளும் திருவிதாங்கூருக்கு ஓடிவந்தார்கள். ஹைதரின் மகன் திப்பு காலத்தில் இரண்டாவது அலை வந்தது. வந்தவர்களுக்கு நிலமும் சோறும் கிடைத்தன; தர்மராஜா என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். அரசுகள் குலைந்த நாட்டில் கலைக்குப் புரவலர் இல்லை. குலையாத அரசு தெற்கே இருந்தது. கதகளியின் தென்மரபுக்கு மூலவராகச் சொல்லப்படும் கப்ளிங்ஙாட்டு நம்பூதிரி தர்மராஜாவின் ஆதரவில் வேடத்தையும் ஆட்டத்தையும் சீர்படுத்தினார். கத்தி, தாடி வேடங்களுக்கு ஏற்றம் தந்தவர் அவர் என்பது கலைஞர்களின் கணக்கு. மன்னர் தம் பங்குக்குப் பாலராமபரதம் என்ற சமஸ்கிருத நூலை எழுதினார். அங்கங்களின் அசைவு, முத்திரை, அபிநயம் எல்லாவற்றையும் வகுத்துச் சொல்லும் இலக்கண நூல் அது. அரியணையில் இருந்துகொண்டு புருவ அசைவை எண்ணி எழுதிய அரசர்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

இத்தாலியோடு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்த கார்மலீத்தா பாதிரியார் பவுலினுஸ், 1776 முதல் 1789 வரை மலையாளக் கரையில் இருந்தவர், பத்மநாபபுரத்தில் மன்னரைச் சந்தித்தார். ஐரோப்பாவில் அச்சான முதல் சமஸ்கிருத இலக்கணம் இவருடையது. 1790ல் ரோமில் வெளிவந்தது. 1796ல் அதே நகரத்தில் இத்தாலிய மொழியில் அச்சிட்ட பயணநூலில் மன்னரைப் பற்றியும் எழுதினார். இத்தாலிய வாசகர்கள் கல்குளத்து அரசரைப் பற்றிப் படித்தது, சிமரோசாவின் ‘இரகசியத் திருமணம்’ வியன்னாவில் அரங்கேறிய நாலாம் ஆண்டில். அந்த 1792 அரங்கேற்றத்தன்று பேரரசர் எல்லோருக்கும் இரவு உணவு போட்டு முழு ஆபராவையும் மறுபடி பாடச் சொன்னார் என்பார்கள். இரவு முழுக்க ஆடி விடியலில் முடிகிற கூத்துக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது.

நெடுங்கோட்டைக்கு மீதமுள்ள இடம் கொஞ்சம்தான். டச்சுப் படையில் இருந்து குளச்சலில் பிடிபட்டு, திருவிதாங்கூர்ப் படைத்தலைவராகி, 1777ல் உதயகிரியில் இறந்த டிலனாய் திட்டமிட்ட அரண் அது. கொடுங்கல்லூர் அருகே கடற்கரையில் தொடங்கி மலையடிவாரம் வரை சுமார் 48 கிலோமீட்டர். 1789 டிசம்பர் கடைசியில் திப்புவின் படை அதில் ஏறி, குழப்பத்தில் பின்வாங்கியது. 1790 ஏப்ரலில் அரணை உடைத்து ஆலுவா வரை வந்தது. பெரியாற்றில் மழைவெள்ளம், முதுகுப்புறத்தில் ஆங்கிலேயர் தொடங்கிய போர், திப்பு திரும்பினார். படையை நடத்திய திவான் கேசவதாஸ் விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்தவர். போர் முடிந்ததும் ஆங்கிலேயக் கும்பினியின் செலவுக் கணக்கு வந்தது. 1795 உடன்படிக்கையோடு நாட்டின் கழுத்தில் சுருக்கு விழுந்தது. அந்தச் சுருக்கின் கதைக்கு, இத்தொடரில் பின்னாளைய திவான் வேலுத்தம்பி வரும்வரை காத்திருக்கலாம்.

1795 என்பதே தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய ஆண்டாகவும் குறிக்கப்படுகிறது. வடசேரி, நாகர்கோவில், அருமனை, திருவட்டாறு ஆகிய நான்கு ஊர்களைச் சேர்ந்த மன்னரின் மனைவியர் அங்கே குடிபெயர்ந்தனர். அவர்களின் வீடுகள் அந்த ஊர்ப் பெயர்களோடு அம்மவீடுகள் ஆயின. நவராத்திரியும் இடம் மாறியது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஆண்டுதோறும் திருவனந்தபுரம் போய்த் திரும்பும் வழக்கம் அதிலிருந்து வந்தது. கண்ணாடி போல் மின்னும் கருந்தளத்தோடு நவராத்திரி மண்டபம் மட்டும் கல்குளத்தில் நின்றது. அரண்மனைப் பெண்கள் ஆட்டம் பார்த்த மர அழிகளை இன்றும் காணலாம். 1956ல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை நிர்வாகம் கேரளத்தோடு நின்றது.

தர்மராஜா 1798ல் மறைந்தார். ஆட்டக்கதை மரபை அவருடைய தம்பி மகயிரம் திருநாளின் மகள் வழிப் பேரன், 1782ல் பிறந்த இரயிம்மன் தம்பி, கீசகவதம், உத்தராசுயம்வரம், தட்சயாகம் என்று முன்னெடுத்தார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி இன்றும் உண்டு. ஆட்டவிளக்கின் முன் தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள்.