காளான் சமையல்: உத்திரமேரூர் வட்டாரம்

காளான் சமையல் என்பது மண்ணிலும், மட்கிய மரத்திலும், வைக்கோலிலும் தோன்றும் உண்ணத்தக்க பூஞ்சைகளின் குடையையும் தண்டையும் உப்பும் காரமும் கூட்டிக் குழம்பாகவும் வறுவலாகவும் தொக்காகவும் ஆக்கும் முறை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த உத்திரமேரூர் வட்டாரத்தில் இது நெடுங்காலம் மழை தந்த அன்றைக்கு மட்டும் கிடைத்த எளியோர் ஆகாரமாக இருந்தது. சாஸ்திரம் பயின்றோர் இல்லங்களில் விலக்கப்பட்டிருந்தது. வைக்கோலில் காளான் வளர்க்கும் வித்தை கிராமங்களுக்கு வந்த பின்னரே, கடையில் நிறுத்து வாங்கிச் சகலரும் சமைக்கும் பண்டமாயிற்று.

பழந்தமிழ்ப் புலவர்கள் காளானை ஆம்பி என்றனர். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், விடியற்காலையில் எழுந்து மத்தொலி எழத் தயிர் கடையும் ஆய்மகள் ஒருத்தி வருகிறாள். அவள் பானையில் உறைந்து முகிழ்த்து நிற்கும் தயிருக்குக் காளானின் வெள்ளை மொட்டை உவமையாக்குகிறார் புலவர். இந்த மண்ணில் மழைக்குப் பின் எழும் காளானைக் குனிந்து பார்த்த கண்ணுக்கே அந்த உவமை வாய்க்கும். இதற்குத் தெற்கே, திண்டிவனத்தையொட்டிய கிடங்கில் முதலிய ஊர்களைக் கொண்ட ஓய்மாநாட்டின் தலைவன் நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படையில் பாடிய நல்லூர் நத்தத்தனாரோ, பாணன் வீட்டு வறுமையைக் காட்ட வரும்போது, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் பூத்துக் கிடக்கும் அடுக்களையை நம் முன் வைக்கிறார். குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துக்கொண்டு அவ்வீட்டார் உண்கின்றனர். வள்ளல் குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரும் சமைத்தலையே மறந்த அடுப்பில் காளான் பூத்ததைப் புறநானூற்றில் சொல்கிறார். இவ்விரு இடங்களிலும் காளான் உணவாக வரவில்லை, உணவின்மைக்கு அடையாளமாகவே வருகிறது என்பதைக் கருதும்போது, வறுமையோடு காளானைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பது விளங்கும்.

உத்திரமேரூர் பல்லவர் காலத்தில் ஏற்பட்ட சதுர்வேதிமங்கலம். வேதம் வல்ல அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், இவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கு வகுத்த விதிகள் கல்லில் வெட்டப்பட்டு இன்றளவும் நிற்கின்றன. அவற்றுள் ஒரு விதிக்கு, உண்ணத் தகாததை உண்டு நெய்யால் பிராயச்சித்தம் செய்துகொண்டவன் வாரியத்துக்கு ஆகான் என்று கல்வெட்டு அறிஞர் பொருள் கண்டிருக்கின்றனர். தகாத உணவு இன்னது என்று கல்வெட்டு பட்டியல் தரவில்லை. ஆயினும் மனுதர்ம சாஸ்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு காளானையும் சேர்த்து இருபிறப்பாளர்க்கு விலக்கியிருக்கிறது. ஆகவே உத்திரமேரூர் அக்ரகாரத்து அடுக்களைகளில் காளானுக்கு இடம் இருந்திராது எனக் கொள்வதில் தவறில்லை. இன்றும் ஆசாரம் பேணும் பல குடும்பங்கள் அதனைத் தொடுவதில்லை.

சபை கூடிய ஊருக்கு வெளியே, வயலிலும் ஏரிக்கரையிலும் உழைத்தவர்களிடத்திலும், புற்றையும் புதரையும் தம் கைரேகைபோல் அறிந்த இருளர் மக்களிடத்திலும் காளான் அறிவு வளர்ந்தது. அவர்கள் போற்றியது புற்றுக் காளான்; ஊரார் பேச்சில் புத்துக் காளான். ஆடி ஆவணியில் மாலையில் இடியோடு பெய்யும் மழைக்குப் பின், மறுநாளோ அதற்கடுத்த நாட்களிலோ கறையான் புற்றைச் சுற்றிலும் இது மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்பும். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பர். கறையான்கள் அரைகுறையாகச் செரித்து வெளியிட்ட மரத்தூளாலும் சருகாலும் புற்றுக்குள் கூடு அமைத்து அதில் ஒரு பூஞ்சையைப் பயிரிடுகின்றன. தம்மால் செரிக்க இயலாத மரச்சத்தை அப்பூஞ்சை கரைத்துக் கொடுக்க, அதனைக் கறையான்கள் உண்கின்றன. மழை ஈரம் உள்ளே இறங்கியதும் அப்பூஞ்சை ஒரு முழத்துக்கும் மேலே இருக்கும் தரைமட்டத்தை நோக்கி வேர்போன்ற தண்டை நீட்டிக் குடை விரிக்கிறது. இந்தக் குலத்துக்கு 1942-இல் ரோஜர் ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் டெர்மிட்டோமைசிஸ் எனப் பெயரிட்டார். அவர் பெயரையே தாங்கிய ஒரு சிற்றினத்தை 1979-இல் விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆய்வாளர் கே. நடராஜன். கறையானை விட்டுப் பிரித்து இக்காளானை விளைவிக்கும் உபாயம் இன்னும் கைகூடவில்லை.

பறிக்கும் முறையிலேயே சமையல் தொடங்கிவிடுகிறது. குடை முழுவதும் விரியாத மொட்டுக்கே ருசி அதிகம். ஆகவே வெயில் ஏறுமுன் சென்று, பிடுங்காமல், அடித்தண்டின் பக்கத்து மண்ணைக் குச்சியால் தளர்த்தி மெல்ல எடுப்பர். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடிவேரின் மண்ணைச் சீவியெறிந்து, குடையின் மேல்தோலைத் துடைத்து, மஞ்சள் கரைத்த நீரில் ஒருமுறை அலசி, கத்தி வையாமல் கையாலேயே நீளவாக்கில் கிழிப்பார்கள்; இழையிழையாகப் பிரியும். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு இவற்றை வதக்கிக் காளானைப் போட்டு உப்பிடுவர். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீரே ஆதலால், உப்புப் பட்ட மாத்திரத்தில் சட்டி நிறையச் சாறு விட்டு, அதிலேயே வெந்து, அந்தச் சாறு முழுவதும் சுண்டும்வரை அடுப்பைத் தணிக்காமல் கிளற வேண்டும். கடைசியில் பொடித்த மிளகும் சீரகமும் தூவி இறக்கினால் வறுவல். தேங்காயும் மல்லியும் மிளகாயும் வறுத்தரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் குழம்பு. கறிக்குழம்புக்குரிய மசாலையே இதற்கும் என்பதால், ஆட்டுக்கறி எட்டாத வீட்டில் அந்த ஒருநாள் மணம் தெருவரை போகும். சுண்டுமுன் இறக்கிய காளான் சளசளவென்று வாயில் வழுக்கும்; காளான் பிடிக்காது என்பவர்களில் பெரும்பாலோர் இப்படி அரைகுறையாகச் சமைத்ததை உண்டவர்களே என்பது என் அபிப்பிராயம்.

நச்சுக் காளான்களைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். பூண்டைச் சேர்த்து வேகவைத்தால் கறுக்கும், வெள்ளிக்காசு நிறம் மாறும், பூச்சி அரித்தது நல்லது என்றெல்லாம் ஜனங்கள் நம்பும் பரீட்சைகள் ஒன்றுகூட நம்பத் தகுந்ததன்று. கொடிய நஞ்சுடைய சிலவகைக் காளான்களில் கொதிக்கவைத்தாலும் விஷம் அழிவதில்லை. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்தே வாந்தியும் பேதியும் காண்பதால் சிகிச்சைக்கும் தாமதமாகிவிடுகிறது. புல்வெளியிலும் குப்பை மேட்டிலும் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைகளுள், முதிர்ந்தபின் அடிமடல் பச்சை நிறம் கொள்ளும் ஓர் இனமும் நச்சுடையது. புற்றுக் காளானைத் தலைமுறையாகப் பறித்தவர்கள், தாம் அறிந்த புற்றில், அறிந்த பருவத்தில், அறிந்த உருவில் வந்ததையன்றி வேறொன்றைத் தொடுவதில்லை. அவர்களுடைய பரீட்சை அந்தப் பழக்கமே.

மழையை எதிர்பாராமல் காளானை விளைவிக்கும் முயற்சி தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் தொடங்கிற்று. அங்கு ஆய்வு செய்த கே. எம். தாமஸ் முதலியோர் 1943-இல் வைக்கோல் காளான் வளர்ப்பின் விவரங்களை வெளியிட்டனர். நெல் விளையும் பூமிக்கு அது உகந்ததாயினும், முட்டைப் பருவத்தில் பறித்து அன்றே விற்றுத் தீர வேண்டியிருந்ததால் வியாபாரத்துக்கு ஒத்துவரவில்லை. 1962-இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஜாகியா பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் வைக்கோலில் சிப்பிக் காளானை விளைவித்துக் காட்டினர். இமயமலை அடிவாரத்துச் சோலனில் 1961 முதல் மொட்டுக் காளானுக்கான வேலைகள் நடந்தன. ஆனால் மொட்டு விட 18 டிகிரிக்கு உட்பட்ட குளிர் கேட்கும் அந்த இனம், உதகையில் வளருமேயன்றி உத்திரமேரூர் வெயிலில் குளிர்சாதன அறையின்றி வளராது.

இவ்வட்டாரத்துக்கு ஏற்றதாக அமைந்தது பால் காளான். 1974-இல் புர்காயஸ்தாவும் சந்திராவும் வங்காளத்திலிருந்து விவரித்த இந்த இனத்தை வர்த்தகப் பயிராக்கியவர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். கிருஷ்ணமூர்த்தி. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் ஏ.பி.கே. 2 என்னும் ரகம் 1998-இல் வெளியாயிற்று. 30 முதல் 35 டிகிரி வெப்பமே இதற்கு உகந்தது. இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிய வைக்கோலை ஊறவைத்து வேகவைத்து, ஈரம் கையில் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி, சோளத்தில் வளர்த்த வித்தை அடுக்கடுக்காகத் தூவிப் பாலிதீன் பையில் படுக்கை கட்டுவர். பூஞ்சை வெண்மையாகப் பரவியதும் படுக்கையை இரண்டாக அறுத்து, வேகவைத்த மண்ணை மேலே பரப்பி, தரையில் பள்ளம் தோண்டி நீலநிறப் பாலிதீன் கூரையிட்ட குடிலில் வைப்பர். ஏறக்குறைய ஐம்பது நாட்களில் ஒரு படுக்கையின் அறுவடை முடியும். வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஏற்ற தொழில் இது.

அங்காடிகளில் இப்போது காணப்படும் போர்ட்டபெல்லா காளானும் சிறு பொத்தான் அளவில் 200 கிராம் பெட்டியில் விற்கும் வெள்ளை மொட்டுக் காளானும் ஒரே இனம். பாரிஸ் நகரத்தார் குதிரைச் சாண எருவில் அதை வளர்த்த முறையைப் பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் டூர்னஃபோர் 1707-இலேயே எழுதினார். பழுப்பாயிருந்த அதில் வெள்ளை வகை 1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் தற்செயலாகத் தோன்றியது. பழுப்பு வகையைப் பறிக்காமல் விரியவிட்டதே போர்ட்டபெல்லா. முதிர்ச்சியில் நீர் குறைந்து சதை இறுகிச் சுவை செறிவதால், முழுக் குடையாகவே சுட்டுத் தின்பதற்கு மேல்நாட்டார் அதனை விரும்புகின்றனர். தண்டை நீக்கிக் கரிய மடல்களைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, நசுக்கிய பூண்டும் மிளகும் உப்பும் எண்ணெயில் குழைத்துத் தடவி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் முதலில் குடையின் உட்புறம் கீழாக வைத்துச் சாறு வற்றியபின் திருப்பிப் போட்டால் நம் வீட்டிலும் அது அமையும்.

அந்தப் பக்குவத்துக்குப் பால் காளானும் குறைந்ததன்று. அதன் தண்டு பருத்து உறுதியாயிருக்கும். குடையைப் போலவே தண்டும் சமையலுக்கு உதவும். வெந்தபின் மொட்டுக் காளானைப்போல் கறுப்பதில்லை. சிப்பிக் காளானைவிடச் சில நாள் அதிகம் தாங்கும். வட்டவட்டமாக அரிந்து மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் பிரட்டிக் கல்லில் வாட்டலாம். புற்றுக் காளானுக்குச் சொன்ன மிளகு வறுவலும் வறுத்தரைத்த குழம்பும் அப்படியே இதற்குப் பொருந்தும். புரட்டாசியில் புலால் விலக்கும் குடும்பங்களில் இப்போது பிரியாணிக்கும் குருமாவுக்கும் காளானே போகிறது. கொங்கு நாட்டு மாலைக் கடைகளில் காளான் என்ற பெயரில் விற்கும் மசாலாப் பண்டத்தில் முட்டைக்கோசே மிகுதி. அதைக் கொண்டு காளானின் ருசியை மதிப்பிடுவது நியாயமன்று.

உத்திரமேரூர் வயல் வைக்கோலில் விளைந்த பால் காளான் கிடைக்குமிடத்தில், தொலைவிலிருந்து குளிர்பெட்டியில் வரும் போர்ட்டபெல்லாவைத் தேட வேண்டிய அவசியமில்லை. வாங்குவோர் தண்டு இறுகி, மணம் கெடாது, பிசுபிசுப்பின்றி இருப்பதைப் பார்த்து வாங்கி, பாலிதீன் உறையில் மூடிவையாமல் காகிதப் பையிலிட்டு வைத்து, இரண்டொரு நாளில் சமைத்துவிடுதல் நலம்.