‘தான்’ என்று கூப்பிடப்பட்டவர்

1861 ஏப்ரல். பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் 51 வயது நோயாளி ஒருவரை, கால் அழுகிய நிலையில், அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். என்ன கேட்டாலும் ‘தான், தான்’. அவ்வளவுதான் பதில். எல்லோரும் அவரைத் ‘தான்’னே கூப்பிட்டார்கள்.

பேச்சுதான் போயிருந்தது, புத்தி போகவில்லை. இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று மருத்துவர் பால் புரோக்கா கேட்டார். கையை நான்கு தடவை விரித்து, கூடவே ஒரு விரலைக் காட்டினார். 21 வருஷம், சரியான கணக்கு. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் தடவை கேட்டதும், தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் முழுசாக ஒரு வசவு வந்து விழுந்தது!

ஏப்ரல் 17 அன்று இறந்தார். மறுநாளே அவருடைய மூளையைப் பாரிஸ் மானுடவியல் சங்கத்தில் புரோக்கா காட்டினார். மூளை மொத்தமாக இயங்குகிறதா, ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம் உண்டா என்று அங்கே விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம். சிதைவு இடது முன்மடலில் இருந்தது. அதே ஆண்டு இறந்த லெலோங் என்ற 84 வயது முதியவருக்கு ஐந்தே சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. அவர் மூளையிலும் ஏறக்குறைய அதே இடம். இடது பாதியால்தான் பேசுகிறோம் என்று 1865-ல் புரோக்கா எழுதினார்.

1874-ல், 26 வயது ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மறுபக்கத்தைக் காட்டினார். சில நோயாளிகள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் சொற்கள் குழம்பி வரும். பிறர் சொல்வதும் விளங்காது. பழுது பொட்டுக்கு உள்ளே இருக்கும் மடலில். ஆக, காதில் விழும் சொல்லை அறிய ஓரிடம், வாயால் சொல்ல ஓரிடம், நடுவே இணைக்கும் பாதை.

புரோக்கா அந்த மூளையை அறுக்காமல் பாதுகாத்து வைத்திருந்தார். அதனால் 2007-ல் அதை ஸ்கேன் செய்ய முடிந்தது. சிதைவு அவர் கண்டதைவிட ஆழமாக, இணைப்பு இழைகள்வரை போயிருந்தது. ஒற்றை இடத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த இடத்துக்கு மருத்துவர் பெயர் நிலைத்தது. நோயாளியோ பாடநூல்களில் வெறும் ‘தான்’. அவர் லூயி விக்டர் லெபோர்ன், பள்ளி ஆசிரியரின் மகன், செருப்புத் தைப்பவர்களுக்கு மரஅச்சு செய்துகொடுத்தவர் என்ற விவரங்கள் 2013-ல்தான் பரவலாகத் தெரியவந்தன.

நம் வீடுகளிலும் பக்கவாதத்தில் பேச்சு போனவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, ‘அவருக்கு ஒண்ணும் புரியாது’ என்கிறோம். சிலருக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் லெபோர்னுக்கு மூன்றாம் தடவை வந்த கோபத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.