மெல்லினம் இல்லாத மொழி

வல்லினம், மெல்லினம், இடையினம் என மெய்யெழுத்துகளை மூவகையாய்ப் பகுத்துக் கற்பிப்பது நம் வழக்கம். மெல்லினமே இல்லாத மொழியொன்று உண்டு என்றால் வியப்புத் தோன்றும் அன்றோ? அமெரிக்காவின் வடமேற்கே, பியூஜெட் கடற்கழியைச் சூழ்ந்து வாழும் பழங்குடியினரின் லஷூட்சீது மொழி அத்தகையது. அது சேலிஷ் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இனமொழிகளில் மகரமும் னகரமும் வருமிடத்து, இதில் ‘கம்பு’, ‘பந்து’ என்னும் சொற்களில் வரும் பகர தகர ஒலிகளை ஒத்தவையே வரும். பழங்கதைகளில் சில பாத்திரங்களின் பேச்சில் மட்டுமே மெல்லினம் எஞ்சியுள்ளது. சியாட்டில் என்னும் பெருநகரம் இம்மொழி பேசிய தலைவர் ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இம்மொழி நலிந்தது எங்ஙனம்? 1855-இல் பாயிண்ட் எலியட் உடன்படிக்கையால் அம்மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். ஆங்கிலேயர் மொழியில் அமைந்த அவ்வுடன்படிக்கையின் பொருள், சில நூறு சொற்களே கொண்ட சினூக் என்னும் வாணிகக் கலப்புமொழியின் வழியாகவே அவர்கட்கு எட்டியது. பின்னர் அரசினர் விடுதிப் பள்ளிகள் தோன்றின. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறார், தாய்மொழி பேசியதற்காக ஒறுக்கப்பட்டனர். முப்பதாண்டு கரும்பலகையின் முன் நின்ற எனக்கு இதனை எழுதக் கை கூசுகிறது. அடியுண்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் மக்களாவது துன்புறாதிருக்கட்டும் என்று ஆங்கிலமே பேசினர். ஒரு மொழி அடியால் மட்டும் அழிவதன்று, அன்பாலும் அழியக்கூடும்!

1950-களில் லியோன் மெட்காஃப் என்பார் முதியோர் பேச்சை ஒலிநாடாவிற் பதிவு செய்தார். அடுத்த பத்தாண்டில் தாம் ஹெஸ் என்னும் மொழியறிஞர் ஆய்வைத் தொடங்கினார். அவருடன் இணைந்தவர், மேல் ஸ்காஜிட் குடியினரான வை ஹில்பர்ட் அம்மையார் (1918–2008). ஐம்பதை எட்டும் வயதிலே தம் தாய்மொழியை எழுதக் கற்ற அவர், 1972 முதல் பல்லாண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அதனைக் கற்பித்தார். முதியோர் சொன்ன கதைகளை எழுத்தில் வடித்தார். 1994-இல் வெளிவந்த அகராதியின் ஆசிரியர் மூவருள் அவரும் ஒருவர்.

தாய்மடியிலே இம்மொழியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆயினும் டுலாலிப், புயாலப் முதலிய குடியினர் இன்று தம் சிறார்க்கு இதனைக் கற்பிக்கின்றனர். எந்தப் பள்ளி நாவை அடக்கியதோ, அதே பள்ளி இன்று நாவைப் பழக்குகிறது.

ஆயின், பள்ளியால் மட்டும் இது முற்றுப்பெறுமா? அகராதி சொல்லைக் காக்கும். ஒலிநாடா குரலைக் காக்கும். மொழியைக் காப்பதோ, அடுக்களையில் தாய் கேட்கும் கேள்விக்கு அம்மொழியிலேயே மறுமொழி கூறும் குழந்தைதான். அக்குழந்தையை நோக்கியே அம்மக்கள் நடக்கின்றனர்.